தாத்தா ஃபோர்டும் பிரேக் ஆயிலும்

பழைய கார் பைத்தியம் பிடித்த ஆட்களிடம் 1932 ஃபோர்டு வி8 என்று சொல்லிப் பாருங்கள். முகம் அப்படியே மலரும். அடுத்த நிமிஷமே இரண்டு புகார் வரும். ஒன்று, பிரேக் சரியா பிடிக்காது. இரண்டு, இன்ஜின் கொதிக்கும். வண்டி வந்து தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. புகார் மட்டும் மாறவே இல்லை.

எனக்குச் சோறு போடுவது சாஃப்ட்வேர். அதிலும் பெரும்பாலும் வேறு யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன பழைய கோடைத் தோண்டி பக் கண்டுபிடிக்கிற வேலை. இந்த வேலையில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். தப்பு எங்கே என்று தேடுவதற்கு முன்னால், 'இதை எழுதின மனுஷன் அன்னிக்கு என்ன நினைச்சு இப்படி எழுதினான்?' என்று யோசிப்போம். அது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த வி8 காரின் பிரேக்கையும் எக்ஸாஸ்டையும் பற்றிப் படிக்கும்போது அதே பழக்கத்தில்தான் படித்தேன். படிக்கப் படிக்க ஸ்பானர் விஷயம் குறைந்து, ஒரு அப்பா-மகன் சண்டைக்குள் போய் நின்றேன்.

கொஞ்சம் முன்னாடியிருந்து வருவோம்.

ஹென்ரி ஃபோர்டின் மாடல் டி 1908ல் வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். அதில் பிரேக் எங்கே இருந்தது தெரியுமா? சக்கரத்தில் இல்லைங்க, கியர்பாக்ஸுக்குள்! மூன்று பெடல் இருக்கும். வலது பெடலை மிதித்தால் கியர்பாக்ஸுக்குள் சுழலும் ஒரு டிரம்மைச் சுற்றி பருத்தி நாடா போட்ட பட்டை ஒன்று இறுகும். டிரம் நின்றால் அதிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டும் நிற்கும், சக்கரமும் நிற்கும். இது போக, பின்சக்கரத்துக்குக் கையால் இழுக்கும் பிரேக் ஒன்று. முன்சக்கரத்தில் ஒன்றும் கிடையாது. பட்டை தேய்ந்து பிரேக் பிடிக்கவில்லை என்றால் நடுவில் இருக்கும் ரிவர்ஸ் பெடலை மிதித்து வண்டியை நிறுத்துவார்களாம். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் 20 குதிரைசக்தி, மணிக்கு எழுபது கிலோமீட்டரைத் தாண்டாத வண்டி, மண் ரோடு. அதற்கு அது போதும்.

போதாத இடம் ஒன்று உண்டு. பின் ஆக்சிலுக்குள் பாபிட் என்கிற மெத்தென்ற உலோகத்தில் செய்த வாஷர்கள் இருந்தன. அவை நொறுங்கினால் பல்சக்கரங்கள் ஒன்றை ஒன்று கவ்வாமல் விலகிவிடும். இன்ஜின் சக்தியும் சக்கரத்துக்குப் போகாது, பிரேக்கும் போகாது. இன்றைக்கும் மாடல் டி வாங்குபவரிடம் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'ஆக்சிலைத் திறந்து அந்த வாஷரை மாத்தியாச்சா?' என்பதுதான். பிரேக் பிரச்சினைக்கு ஆக்சிலைத் திறக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அந்தக் கால டிசைன் தெரிந்தவனுக்குத்தான் தோன்றும்.

அடுத்து வந்த மாடல் ஏ-யில் (1927 கடைசி முதல் 1931 வரை) நான்கு சக்கரத்திலும் பிரேக் வந்துவிட்டது. பெடலிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் இரும்புத் தண்டுகள். 40 குதிரைசக்தி. சமாளித்தது. அப்புறம் 1932 மார்ச் 31ஆம் தேதி வி8. 3.6 லிட்டர், எட்டு சிலிண்டர், 65 குதிரைசக்தி, விலை 460 டாலரிலிருந்து ஆரம்பம். அதுவரை வி8 என்பது பணக்காரர் சமாச்சாரம். இரும்பை உருக்கி எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பாக, மலிவாக, லட்சக்கணக்கில் ஊற்றி எடுத்தது ஃபோர்டுதான். மணிக்கு 120 கிலோமீட்டரைத் தொடும். (1930களில் நம்ம சென்னையிலும் ஃபோர்டு கார்கள் அசெம்பிள் ஆகியிருக்கின்றன என்பது கொசுறுத் தகவல்.)

பிரேக்? அதே இரும்புத் தண்டுகள்தான்.

வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. இது பிளஸ் டூ பிசிக்ஸ். ஃபோர்டு கம்பெனிக்குத் தெரியாதா என்ன? மாற்று வழி இல்லாமலும் இல்லை. அது பத்து வருஷமாகக் கடையில் கிடைத்தது. அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

மால்கம் லாஃக்ஹெட் என்று ஒருவர். தம்பி ஆலனோடு சேர்ந்து கடல் விமானம் செய்து, 1915ல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை ஏற்றிப் பறந்தவர். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஒரு இடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் என்று பாஸ்கல் 1600களிலேயே சொல்லிவிட்டார். அதை வைத்து நான்கு சக்கர பிரேக் செய்து 1917ல் பேட்டன்ட் வாங்கினார் மால்கம். அவர் பெயரை எழுதியிருக்கிறபடி படித்தவர்கள் எல்லாம் 'லாக்-ஹெட்' என்று கடித்துத் துப்பினார்களாம். வெறுத்துப்போய் ஸ்பெல்லிங்கையே லாக்கீட் என்று மாற்றிக்கொண்டார். ஆமாங்க, போர் விமானம் செய்கிற அதே லாக்கீட். அது தம்பி ஆலன் ஆரம்பித்த கம்பெனியின் வழி வந்தது. பிரேக் அண்ணன் சொத்து, விமானம் தம்பி சொத்து.

1921ல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜிம்மி மர்ஃபி ஜெயித்த டியூசன்பர்க் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக். அதில் ஓடிய திரவம் தண்ணீரும் கிளிசரினும்! அதன்பின் 1924ல் வால்டர் கிரைஸ்லரின் முதல் கார். லாக்கீட் பிரேக்கில் தோல் சீல் இருந்தது, கசிந்தது. கிரைஸ்லரின் இன்ஜினியர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் கப் வைத்தார்கள். கசிவு அடங்கியது. 1928ல் மலிவு விலை பிளிமத்திலும் ஹைட்ராலிக் வந்தது. 1936ல் ஃபோர்டின் நேரடிப் போட்டியாளர் செவர்லேயும் மாறிவிட்டது.

ஃபோர்டு மட்டும் அசையவில்லை. 'பெடலிலிருந்து சக்கரம் வரை எஃகு, அதுதான் பாதுகாப்பு' என்ற அர்த்தத்தில் விளம்பரமே கொடுத்தார்கள். 1937ல் தண்டுக்குப் பதில் உறைக்குள் ஓடும் கேபிள் வைத்தார்கள். திரவம் மட்டும் கிடையாது.

ஹென்ரியின் ஒரே மகன் எட்சல். 1919லிருந்து கம்பெனிக்குப் பிரசிடென்ட். விசிட்டிங் கார்டில் மட்டும். ஹைட்ராலிக் பிரேக் வேண்டும் என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா மற்ற அதிகாரிகள் முன்னாலேயே அவர் வாயை அடக்கியதாகப் புத்தகங்களில் வருகிறது. கடைசியில் 1939 மாடலில்தான் ஹைட்ராலிக் வந்தது. அதுவும் லாக்கீட் வகை. கிரைஸ்லருக்கு 15 வருஷம் கழித்து. எட்சல் 1943ல் 49 வயதில் இறந்துபோனார், அப்பாவுக்கு நாலு வருஷம் முன்னாடியே.

இதையெல்லாம் படித்துவிட்டு 'பிடிவாதக்காரக் கிழவர்' என்று முடித்துவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை.

இரும்புத் தண்டு பிரேக்கில் என்னென்ன கோளாறு வரும் என்று முதலில் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். காரணம், நான்கு சக்கரத்துக்கும் சம அளவு இழுவை போகவில்லை. ஒவ்வொரு தண்டின் முனையிலும் ஒரு பின், ஒரு ஓட்டை. இரண்டும் தேயும். ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்று வைத்தாலும், எல்லாம் கூடி பெடல் பாதி தூரம் சும்மாவே போகும். இதற்கு அரைகுறை மெக்கானிக் செய்கிற வேலை, தண்டைத் திருகிச் சுருக்குவது. பெடல் உடனே ஜம்மென்று மேலே வந்துவிடும். ஆனால் வேலை கெட்டது. தண்டைச் சுருக்கினால் அதன் முனையில் இருக்கும் நெம்புகோல் ஏற்கனவே பாதி திரும்பிய நிலையில் ஆரம்பிக்கும். நெம்பும் பலம் போய்விடும், ஒவ்வொரு சக்கரத்திலும் ஒவ்வொரு விதமாக. தேய்ந்த பின்னையும் ஓட்டையையும் சரி செய்து, தண்டைச் சரியான நீளத்தில் விட்டுவிட்டு, நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சதுரத் தலை திருகைத் திருப்பி ஷூவை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அதுதான் முறை. பொறுமை இருப்பவருக்கு இந்த பிரேக் ஓரளவு நன்றாகவே பிடிக்கும் என்கிறார்கள். வருஷம் முழுக்க அந்தப் பொறுமை யாருக்கு இருக்கும்?

ஆனால் ஒன்று. ஒரு தண்டு உடைந்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் மட்டும்தான் போகும். மற்றவை உயிரோடு இருக்கும். குனிந்து பார்த்தால் எது உடைந்தது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஹைட்ராலிக்கில்? 1939 ஃபோர்டில் மட்டும் இல்லை, அன்றைய கிரைஸ்லர், செவர்லே எதை எடுத்தாலும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், அதில் ஒரே அறை. அதிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் குழாய். ஏதாவது ஒரு சக்கரத்தில் ரப்பர் குழாய் வெடித்தால் நான்கிலும் பிரேக் போச்சு. எங்கள் பாஷையில் சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். கிழவர் பயந்தது இதற்குத்தான் என்றால், அந்தப் பயம் சரியான பயம். ஒரு பாதி போனாலும் மறு பாதி வேலை செய்கிற இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் அமெரிக்காவில் கேடிலாக்கிலும் ராம்ப்ளரிலும் வந்தது 1962ல். அங்கே எல்லாப் புதுக் கார்களுக்கும் சட்டமாகக் கட்டாயமானது 1968 ஜனவரி 1 முதல். அதாவது 1924லிருந்து கணக்குப் போட்டால் நாற்பது வருஷத்துக்கு மேல், உலகமே ஒரே குழாயை நம்பி ஓட்டியிருக்கிறது.

ஃபோர்டிடம் எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. பயந்தவர், அந்தப் பயத்தை மகனிடமும் இன்ஜினியர்களிடமும் கொடுத்து 'இந்த ஓட்டையை அடைச்சுட்டு வாங்கடா' என்று சொல்லியிருக்கலாம். எட்டு சிலிண்டரை ஒரே வார்ப்பில் எடுக்கவே முடியாது என்று ஊரே சொன்னபோது முடியும் என்று விரட்டி வேலை வாங்கியவர்தானே? இரட்டை அறை சிலிண்டர் அதைவிடக் கஷ்டமா? 1932லிருந்து 1938 வரை அந்த வண்டிகளை ஓட்டியவர்களுக்கு நல்ல பிரேக்கும் கிடைக்கவில்லை, அதற்குப் பின் வந்தவர்களுக்கு அந்த பயத்தால் ஒரு லாபமும் இல்லை.

சரி, கொதிக்கிற கதைக்கு வருவோம்.

இந்த இன்ஜினில் வால்வுகள் தலையில் இல்லை. பிளாக்கிலேயே, V எழுத்தின் நடுப்பள்ளத்தை ஒட்டி இருக்கும். கார்புரேட்டர் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, ஆக புகை வெளிப்பக்கமாகத்தான் வரவேண்டும். நடுப்பள்ளத்திலிருந்து வெளிப்பக்கம் போக என்ன வழி? சிலிண்டர்களுக்கு இடையில், தண்ணீர் சுற்றும் அறையைக் கிழித்துக்கொண்டு, பிளாக்குக்குள்ளேயே சுரங்கம். அதுவும் ஒரு பக்கத்தின் நான்கு சிலிண்டருக்கு மூன்று வாய்தான், நடு இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. வெளியே போக வேண்டிய நெருப்பு, போகிற வழியெல்லாம் தண்ணீரைச் சுட வைத்துவிட்டுப் போகிறது. விலை குறைந்ததும் இந்த மாதிரி கச்சிதமான அமைப்பால்தான், கொதிப்பதும் இதனால்தான். 1936 வரை இரண்டு தண்ணீர் பம்பும் தலையின் மேலே இருந்து வெந்நீரை உறிஞ்சின. 1937ல் கீழே இறக்கி, குளிர்ந்த நீரைத் தள்ளும்படி மாற்றினார்கள். கொஞ்சம் பரவாயில்லை ஆனது.

அதனால் இந்த இன்ஜின் கொதித்தால் ரேடியேட்டரை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. வார்ப்பு மணல் அந்தக் காலத்திலிருந்தே தண்ணீர் அறையில் தங்கியிருக்கலாம், துருவோடு சேர்ந்து இறுகியிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு பக்கத்தில் பிளாக் விரிசல் விட்டிருக்கலாம். அதைவிட முக்கியம், சைலன்சர். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். உள்ளே தகடு துருப்பிடித்து விழுந்து வழியை அடைத்திருக்கும். புகை வெளியே போக முடியாமல் பிளாக்கிலேயே தங்கி வேகவைக்கும். மற்ற இன்ஜினில் சைலன்சர் அடைத்தால் முதலில் தெரிவது சக்தி குறைவதுதான். இதில் கொதிப்பும் சேர்ந்து வரும். இன்டேக்கில் வேக்குவம் கேஜ் மாட்டி, இன்ஜினை உயர்ந்த வேகத்தில் நிலையாக ஓடவிட்டுப் பார்த்தால் முள் மெதுவாக இறங்கிக்கொண்டே வரும். அடைப்பு என்று அர்த்தம்.

எக்ஸாஸ்ட் ஒழுகுவது இன்னொரு வகை. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக்' என்று சத்தம், சூடானால் நின்றுவிடும். மேனிஃபோல்டு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால் நிற்கிறது, சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே ஒரு ஊதுபத்தியைப் பற்றவைத்து மூட்டு மூட்டாகக் காட்டினால் போதும், புகை சிதறுகிற இடத்தில் ஓட்டை. கரிக்கோடும் காட்டிக்கொடுக்கும். சத்தம்தானே என்று விடுகிற விஷயம் இல்லை இது. அந்தக் காலக் கார்களில் குளிருக்கு ஹீட்டர் என்றால் பல நேரம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றி ஒரு தகரக் கூடு, அதிலிருந்து சூடான காற்று நேராக உள்ளே. மேனிஃபோல்டில் ஒரு விரிசல் விட்டால் உள்ளே வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை.

இதுவும் அவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. நியூயார்க்கில் ஆற்றுக்கு அடியில் ஹாலண்ட் சுரங்கம் தோண்டியபோது, கார் புகையில் மனுஷன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பான் என்று யேல் பல்கலைக்கழகத்தில் யாண்டெல் ஹெண்டர்சன் ஆட்களை வைத்தே சோதனை செய்தார். ஒரு மணி நேரத்துக்குப் பத்தாயிரத்தில் நான்கு பங்கு, அதற்கு மேல் கூடாது என்று முடிவானது. அதை வைத்துத்தான் 1927ல் திறந்த சுரங்கத்தில் 84 ராட்சச மின்விசிறிகள். சுரங்கத்துக்கு இவ்வளவு கணக்குப் பார்த்தார்கள். காருக்குள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு தகரக் கூடு.

பிரேக்கும் எக்ஸாஸ்டும் தனித்தனிக் கதை மாதிரி இருக்கிறதா? இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பக் இதுதான்.

பழைய வி8 வைத்திருப்பவர்களில் பலர், 1939க்கு அப்புறம் வந்த ஃபோர்டின் பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் டிரம்மையும் எடுத்து 1932 வண்டியில் மாட்டிவிடுவார்கள். அமெரிக்காவில் இதற்குச் செல்லப்பெயர் 'ஜூஸ் பிரேக்'. நல்ல திருத்தம். அதே ஆட்கள் புகை தாராளமாகப் போகட்டும் என்று இடது பக்கத்துக்கும் தனியாக ஒரு எக்ஸாஸ்ட் பைப், சைலன்சர் போடுவார்கள். இதுவும் நல்ல திருத்தம். அந்த மாஸ்டர் சிலிண்டர் எங்கே இருக்கிறது? இடது பக்கம், டிரைவர் காலுக்குக் கீழே. புது பைப் எந்த வழியாகப் போகிறது? அதை உரசாத குறையாக.

வீட்டிலிருந்து கிளம்பும்போது பிரேக் அருமை. அரை மணி நேரம் போனதும் பெடல் கல் மாதிரி ஆகும், யாரும் மிதிக்காமலேயே பிரேக் பிடித்துக்கொள்ளும். ஓரம் கட்டி ஆறவிட்டால் தானாகவே சரி. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே ஒன்றும் தெரியாது. (இந்த இடத்தில் எல்லா சாஃப்ட்வேர்காரனும் கண்ணீர் விடலாம்.) நடப்பது இதுதான். மாஸ்டர் சிலிண்டரில் பொடி ஓட்டை ஒன்று உண்டு. சூட்டில் திரவம் விரிந்தால் அதன் வழியாக மேலே தொட்டிக்குத் திரும்பிவிடும். பெடலுக்குக் கொஞ்சம் கூட விளையாட்டு இல்லாமல் இறுக்கி வைத்திருந்தால் ரப்பர் கப் அந்த ஓட்டையை மூடியபடியே நிற்கும். விரிந்த திரவம் போக இடமில்லாமல் சக்கரத்தைப் பிடிக்கும். இன்னும் சூடேறி திரவம் கொதித்துவிட்டால் நேர் எதிர், பெடல் தரைக்குப் போகும். நம்மூரில் 'பிரேக் ஆயில்' என்று சொன்னாலும் அது ஆயில் இல்லை. ஆயில் ஊற்றினால் ரப்பர் கப் எல்லாம் ஊதிப்போகும். இன்றைய டாட் 3 திரவம் புதுசாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிப் பழசானால் 140 வரைகூட இறங்கிவிடும். பக்கத்தில் ஓடுவதோ எக்ஸாஸ்ட் பைப்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு, குழப்பாதீர்கள். பழைய ரப்பர் குழாய் உள்பக்கம் பிய்ந்து ஒரு மடல் மாதிரி தொங்கும். மிதிக்கும்போது திரவம் போகும், விட்டால் திரும்பாது. வித்தியாசம் கண்டுபிடிக்க, பிடித்துக்கொண்ட நிலையில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நான்கு சக்கரமும் விட்டுவிட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டர் பக்கம். ஒரு சக்கரம் மட்டும் விடாமல் அடம்பிடித்தால் அந்த ரப்பர் குழாயையோ வீல் சிலிண்டரையோ பாருங்கள். முதல் வகை என்றால் பெடலுக்கு விளையாட்டு வைத்து, பைப்பைத் தள்ளி வளைத்து, நடுவில் ஒரு தகரத் தடுப்பு.

இப்போதெல்லாம் பலர் அதே இடத்தில் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரையே மாட்டிவிடுகிறார்கள். ஒரிஜினல்தான் வேண்டும் என்று ஒற்றை அறையோடு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியை வெளியே எடுக்கும் முன் முதலில் இழுத்துப் பார்க்க வேண்டியது ஹேண்ட் பிரேக். திரவம் மொத்தமாகப் போனாலும் அது பிடிக்கும். 1939 ஃபோர்டில்கூட ஹேண்ட் பிரேக்கை மட்டும் கேபிளிலேயே விட்டு வைத்திருந்தார்கள்.